நிற்கும் பம்பு

வேதிப்பொருள் ஆலைகளில் முக்கியமான பம்புகள் ஜோடியாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் ஒரே எண். பின்னால் ஒன்றுக்கு ‘ஏ’, மற்றதற்கு ‘பி’. ஒன்று ஓடும்போது மற்றது நிற்கும். ஓடுவது டிரிப் ஆனால் நிற்பது எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் ஏற்பாடு. கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஓடும் பம்பு பச்சையாகவும் நிற்கும் பம்பு சாம்பல் நிறமாகவும் தெரியும். அந்தச் சாம்பல் நிறம் பல வருடங்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் ஓடிவிடக்கூடிய பம்புக்கும், பேரிங் துருப்பிடித்து, சீல் ஒட்டிப்போய், இனி அசையவே மாட்டாத பம்புக்கும் அந்தத் திரையில் ஒரே நிறம். நாம் வைத்திருக்கும் கருவிகள் அநேகமாக எல்லாமே அசைவை அளப்பவை. அதிர்வை விநாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்கிறோம், பேரிங் சூட்டைப் பார்க்கிறோம், மோட்டார் இழுக்கும் ஆம்பியரைப் பார்க்கிறோம், டிஸ்சார்ஜ் அழுத்தத்தைக் குறித்துவைக்கிறோம். பம்பு நின்றதும் இவை அத்தனையும் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொள்கின்றன. பேரிங் வீட்டின் மேல் ஒட்டிவைக்கும் கம்பியில்லா உணரிகள் இப்போது வந்துவிட்டன. ஓடும் பம்பின் பேரிங் உரியத் தொடங்குவதைச் சில வாரங்களுக்கு முன்பே அவை காட்டிக்கொடுக்கின்றன. அது பெரிய முன்னேற்றம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதே வரைபடத்தில் பக்கத்துப் பம்பின் கோடு அடியோடு அடியாகத் தட்டையாகக் கிடக்கிறது. பார்க்கும் கண் அதை நலம் என்று படித்துக்கொள்கிறது. குறை தெரியவில்லை என்பது வேறு, குறை இல்லை என்பது வேறு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரவு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கான கோடுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் மனதில் அந்த வேறுபாடு விடியும்வரை நிலைக்குமா என்பதே என் கவலை.

தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்து ஆலை ஒன்றில் வயதான ஃபிட்டர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அண்ணாச்சி. உப்பளத்துக் காற்று அங்கே இரும்பை விட்டுவைக்காது. ஏப்ரலில் அடித்த பெயிண்ட் அடைமழைக்கு முன்பே ஓரங்களில் கொப்புளித்துவிடும். “ஓடுறது தன் நோவத் தானே சொல்லிரும் தம்பி. நிக்கிறதுதான் சொல்லாது,” என்பார். அவர் சொன்னதன் முழு அர்த்தம் எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்று. நிற்கும் பம்பு ஓய்வில் இருக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்குள் நிறைய நடக்கிறது. பகலில் பேரிங் வீட்டுக்குள் இருக்கும் காற்று சூடேறி வெளியே போகிறது, இரவில் குளிர்ந்து உப்பும் ஈரமுமான காற்றை உள்ளே இழுக்கிறது. ஷாஃப்ட் சுழன்றால்தான் எண்ணெய் மேலே தெறித்துப் பூசிக்கொள்ளும். சுழலாதபோது அது வழிந்து கீழே இறங்கிவிட, மேல்பாதி உருளைகள் வெறும் இரும்பாக ஈரத்தைச் சந்திக்கின்றன. காஸ்டிக் பம்பென்றால் சீலின் வெளிவிளிம்பில் கசிந்த சொட்டு காய்ந்து வெள்ளைப் பொருக்காகப் படிகிறது. மெக்கானிக்கல் சீலின் இரண்டு முகங்களும் ஒரு மைக்ரான் அளவுக்கு மெல்லிய திரவப் படலத்தின் மேல் ஓடுபவை. அந்த முகங்கள் தட்டையாக இருக்கின்றனவா என்பதை ஒரே நிற ஒளியைப் பாய்ச்சி, விழும் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் சோதிப்பார்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே மைக்ரானில் மூன்றில் ஒரு பங்கு உயர வேறுபாடுகூட இருக்காது. அவ்வளவு கவனமாகச் செய்த முகத்தின் மேல் உப்புப் பொருக்கு உட்கார்ந்திருக்கும்போது பம்பைத் தட்டிவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் பக்கத்துச் செக் வால்வ் சரியாக மூடவில்லை என்றால் ஓடும் பம்பு தள்ளும் திரவம் நிற்கும் பம்பின் வழியாகத் திரும்பிவந்து அதைப் பின்னோக்கிச் சுழற்றும். அந்த நிலையில் மோட்டாரைப் போட்டால் ஷாஃப்டே முறுக்கி ஒடியக்கூடும்.

இவற்றையெல்லாம் விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. நிற்கும் பம்பைக் கெடுப்பதில் ஓடும் பம்புக்கும் பங்கு உண்டு. இரண்டும் ஒரே தளத்தில், ஒரே குழாய்களில் கட்டப்பட்டவை. ஓடுவதன் அதிர்வு காங்கிரீட் வழியாகவும் குழாய் வழியாகவும் நிற்பதன் பேரிங்குக்குப் போய்ச் சேர்கிறது. உருளைகள் ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஆடி ஆடி, தாங்கள் உட்கார்ந்த இடத்தை அரைக்கின்றன. நடுவே இருந்த கிரீஸ் விலகிவிடுகிறது. புதிதாக வந்து நிரப்ப அசைவு இல்லை. சில மாதங்கள் கழித்துக் கழற்றிப் பார்த்தால் வளையத்தில் சம இடைவெளியில் பளபளக்கும் பள்ளங்கள், உருளைக்கு ஒன்றாக. படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு முதுகில் புண் வருவது இப்படித்தான். புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். அண்ணாச்சி செய்ததும் அதுதான். வாரம் ஒருமுறை, மின்சாரத்தைத் துண்டித்து டேக் போட்டபின், நிற்கும் ஒவ்வொரு பம்பின் கப்ளிங்கையும் கையால் ஒன்றேகால் சுற்று சுற்றிவிடுவார். முழுச் சுற்று சுற்றினால் பழைய இடத்துக்கே வந்துவிடும் என்பதால் அந்தக் கால் சுற்று. கப்ளிங்கில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவைத்திருந்தார். போன வாரம் கோடு மேலே இருந்தால் இந்த வாரம் பக்கவாட்டில் இருக்க வேண்டும். யார் சுற்றினார், யார் சுற்றாமல் லாக் புத்தகத்தில் டிக் போட்டார் என்பது அந்தக் கோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சுற்றும்போது அவர் கண் வேறெங்கோ இருக்கும். கையில் எங்கே கனக்கிறது, எங்கே இலேசாக இடறுகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பார். சாம்பல் நிறத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அந்த ஆலையில் உண்மையாகவே அறிந்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் கையால் சுற்றுவது பம்பைச் சாகாமல் வைத்திருக்கும். அது ஓடுமா என்று சொல்லாது. ஓடுமா என்று அறிய ஓட்டித்தான் பார்க்க வேண்டும். அங்கேதான் எனக்கு நிம்மதி போய்விடுகிறது. ஒவ்வொரு துவக்கமும் பம்பின் ஆயுளில் கொஞ்சத்தைத் தின்கிறது. நேரடியாகப் போடப்படும் மோட்டார் துவங்கும் விநாடிகளில் வழக்கத்தைப் போல ஆறு மடங்கு வரை கரண்ட் இழுக்கும். சீல் முகங்கள் படலம் உருவாகும் முன்பே உரசும். பம்புக் கோளாறுகளில் கணிசமானவை துவக்கும்போதும் நிறுத்தும்போதும் வருபவை. அப்படியானால் நலமா என்று கேட்பதே நலத்தைக் குறைக்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் பம்புகளுக்கான அமெரிக்கத் தரநூல் ஒன்று பேரிங்குக்கு 25,000 மணி நேரக் கணக்கு ஆயுளைக் கேட்கிறது. கிட்டத்தட்ட மூன்று வருட ஓட்டம். அந்த எண்ணை உற்றுப் பார்த்தால் அது எந்தத் தனிப் பேரிங்கின் ஆயுளும் அல்ல. நூறு பேரிங்குகளை ஒரே சுமையில், ஒரே வேகத்தில் ஓட்டினால் தொண்ணூறு அந்த நேரத்தைத் தாண்டும், பத்து தாண்டாது. நம் பம்பில் உட்கார்ந்திருப்பது தொண்ணூறில் ஒன்றா பத்தில் ஒன்றா என்று கணக்கு சொல்லாது. கூட்டத்தைப் பற்றிய அறிவை வைத்துக்கொண்டு ஒற்றை இரும்பின் முன்னால் நிற்பவன்தான் பராமரிப்புக்காரன். அதனால்தான் அவன் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்க ஆசைப்படுகிறான்.

திறந்து பார்ப்பதன் விலையை முதலில் எண்ணிக் காட்டியவர் ஓர் எந்திரப் பொறியாளர் அல்ல, கருவளர்ச்சியை ஆராய்ந்த உயிரியலாளர் என்பது எனக்கு இன்றும் வியப்பு. சி. எச். வாடிங்டன் இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கடற்கரைப் பிரிவில் ஆய்வாளராக இருந்தார். நீர்மூழ்கிகளைத் தேடிப் பறக்கும் விமானங்களை 50 மணி நேரப் பறத்தலுக்கு ஒருமுறை பிரித்துப் பரிசோதிப்பது அங்கே வழக்கம். எதிர்பாராத பழுதுகள் எப்போது வருகின்றன என்று அவருடைய குழு வரைந்து பார்த்தது. பரிசோதனை முடிந்த கையோடு பழுதுகள் உச்சத்தில் இருந்தன. பறக்கப் பறக்கக் குறைந்தன. பரிசோதனை பழுதைத் தீர்த்திருந்தால் படம் தலைகீழாக இருந்திருக்க வேண்டும். நன்றாக இருந்ததைக் கலைத்துவிட்டு மறுபடி பொருத்தும்போதுதான் புதுக் கோளாறுகள் உள்ளே போயின. பிறகு 1978இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் பொறியாளர்கள் நௌலனும் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய அறிக்கை, தாங்கள் ஆராய்ந்த விமானப் பாகங்களில் 11 சதவீதம்தான் வயதாக ஆக அதிகம் பழுதாகிறது என்று காட்டியது. 68 சதவீதம் புதிதாகப் பொருத்திய ஆரம்பத்தில்தான் அதிகம் பழுதானது. விமானத்தின் எண்களை அப்படியே அமிலப் பம்புக்குப் போட முடியாது. அமிலம் இம்பெல்லரை நிச்சயமாகத் தின்னும். அங்கே வயது உண்மை. ஆனாலும் ஆண்டு ஷட்டவுன் முடிந்து ஆலையை எழுப்பும் அந்த முதல் வாரத்தைப் பார்த்தவர்கள் வாடிங்டனின் வரைபடத்தைத் தங்கள் தூக்கமில்லாத கண்களாலேயே பார்த்திருப்பார்கள். நேற்றுவரை சொட்டாத ஃப்ளேஞ்ச் சொட்டும். அலைன்மென்ட் சரிபார்த்த பம்பு குழாய் சூடேறி இழுத்ததும் அதிரும். கேஸ்கெட் மாறியிருக்கும், போல்ட் ஒன்று குறைந்திருக்கும், துணித்துண்டு ஒன்று சக்ஷன் வலையில் வந்து சிக்கியிருக்கும்.

அப்படியென்றால் தொடாமல் விடுவதுதான் அறிவா? சில மாதங்கள் நானும் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 விடியற்காலை பிரதான நீர்ப் பம்புகள் நின்றபோது, காத்திருந்த துணைப் பம்புகள் எழுதியிருந்தபடியே தாமாக ஓடத் தொடங்கின. ஆனால் அவற்றின் பாதையில் இருந்த வால்வுகள் மூடியிருந்தன. இரண்டு நாட்களுக்கு முன் அதே பம்புகளைச் சோதித்தபோது மூடி, திறக்க மறந்திருக்கலாம் என்பது பலரும் ஏற்ற விளக்கம். எட்டு நிமிடங்கள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அந்த விபத்துக்கு வேறு பெரிய காரணங்கள் உண்டு, இதை மட்டும் சொல்வது நியாயமாகாது. ஆனால் தயார்நிலையைச் சோதித்த கைகளே தயார்நிலையை எடுத்துக்கொண்டு போயிருக்கக்கூடும் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. தொடாமல் விடு என்ற பக்கத்துக்கு இது வலுவான சாட்சி. அந்தச் சாய்விலிருந்து என்னைத் திருப்பியது பைபர் ஆல்ஃபா.

ஸ்காட்லாந்தின் ஆபர்தீனுக்கு வடகிழக்கே, வட கடலில் நின்ற எண்ணெய் மேடை அது. 1988 ஜூலை 6 இரவு எரிந்து சரிந்தது; 167 பேர் இறந்தார்கள். ஒரு ஜோடிப் பம்பின் கதை அது. எரிவாயுவிலிருந்து பிரியும் திரவத்தைக் குழாய்க்குள் தள்ள ஏ, பி என்று இரண்டு பம்புகள். அன்று பி ஓடிக்கொண்டிருந்தது. ஏ பெரிய பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது, வேலை இன்னும் தொடங்கவில்லை. அதே பகலில் ஏ-யின் பாதுகாப்பு வால்வைத் தனியாகச் சோதனைக்குக் கழற்றியிருந்தார்கள். மாலை ஆறு மணி ஷிஃப்ட் மாற்றத்துக்குள் திரும்பப் பொருத்த முடியவில்லை. குழாயின் வாயில் ஒரு தட்டை வைத்து மூடினார்கள், ஆனால் கசிவைத் தாங்கும் அளவுக்கு இறுக்கவில்லை. இரவு ஒன்பதே முக்காலுக்கு பி டிரிப் ஆனது, மறுபடி எழவில்லை. பராமரிப்பு பெர்மிட் கட்டுப்பாட்டு அறையில் கையில் கிடைத்தது. வேலை தொடங்கவில்லை, ஆகவே ஏ-யை ஓட்டலாம் என்று நினைத்தார்கள். வால்வைக் கழற்றிய பெர்மிட் வேறொரு அறையில் இருந்தது. அந்த வால்வு இருந்த இடம் பம்பின் பக்கத்தில் இல்லை. மேலே, நிற்பவர் கண்ணில் படாத உயரத்தில். ஏ-யில் அழுத்தம் ஏறியதும் அந்தத் தட்டின் ஓரத்தில் கசிந்தது என்பதே கல்லன் பிரபுவின் விசாரணை வந்துசேர்ந்த முடிவு. பத்து மணிக்கு முதல் வெடிப்பு.

இந்தக் கதையைப் பாதுகாப்பு வகுப்புகளில் பெர்மிட் காகிதத்தின் கதையாகச் சொல்வார்கள். சரிதான், 1990இல் வந்த கல்லன் அறிக்கையின் 106 பரிந்துரைகளில் வேலை அனுமதி முறைக்குப் பெரிய இடம் உண்டு. எனக்கு அதில் உறைத்தது வேறு. ஏ பம்பு நின்றுகொண்டிருந்தது. நிற்கும் பம்பைப் பற்றி அந்த இரவின் ஆட்கள் கையால் அறிந்தது ஒன்றும் இல்லை. காகிதம் சொன்னதுதான் அவர்களுடைய அறிவு. காகிதம் பாதி சொன்னது. அதோடு, தீயணைப்பு நீர்ப் பம்புகளும் அன்று காத்திருக்கும் பம்புகளே. கடலுக்குள் முக்குளிப்பவர்கள் வேலை செய்யும்போது நீர் உறிஞ்சும் வாய் அவர்களை இழுத்துவிடக் கூடாது என்று அவற்றைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றிவைப்பது அங்கே பழக்கம். ஆட்களைக் காக்க எடுத்த அந்த முடிவால், தீ வந்தபோது பம்புகள் தாமாகத் துவங்கவில்லை. போய் இயக்க முயன்றவர்களால் அவற்றை எட்ட முடியவில்லை. முக்குளிப்பவர்களைப் பற்றிய அக்கறையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ‘இருக்கிறது’ என்று மேடையில் எல்லோரும் நம்பிய பம்புகள் எப்போதிலிருந்து இல்லாமல் இருந்தன என்று கேட்டால், தீக்கு வெகு நேரம் முன்பிருந்தே என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. விஷவாயு கசிந்த போபால் ஆலையில் 1984 டிசம்பர் 2 நள்ளிரவிலும் இதே கணக்குத்தான். குளிர்விக்கும் அமைப்பு அந்த ஜூனிலிருந்தே நிறுத்தப்பட்டிருந்தது, எரித்துவிடும் கோபுரத்துக்குப் போகும் குழாய் கழற்றப்பட்டிருந்தது, வாயுவைக் கழுவும் கோபுரம் காத்திருப்பு நிலையில் இருந்தது.

நின்றுகொண்டிருப்பது பம்பாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2020இல் ஊரடங்கு வந்து ஆலைகள் அப்படியே நிறுத்தப்பட்டபோது, நண்பர்கள் பலர் வீட்டிலிருந்து நிம்மதியாகப் பேசினார்கள்: எதுவும் ஓடவில்லை, எதுவும் கெடாது. எனக்கு அந்த வாரங்களில் தூக்கம் சரியாக வரவில்லை. விசாகப்பட்டினத்தில் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் ஸ்டைரீன் தொட்டி மே 7 விடியற்காலை பொங்கியது. உறக்கத்தில் இருந்த ஊருக்குள் ஆவி இறங்கி 12 பேர் இறந்தார்கள். ஸ்டைரீன் சும்மா இருக்கும் பொருள் இல்லை. தன்னோடு தானே பிணைந்து கெட்டியாகும், அப்போது சூடு விடும், சூடு பிணைப்பை வேகப்படுத்தும். அதைத் தடுக்க ஒரு மருந்து கலக்க வேண்டும், குளிர்விக்க வேண்டும், பம்பால் சுற்றிவிட்டுக் கலந்துகொண்டே இருக்க வேண்டும். ஆந்திர அரசு அமைத்த குழு கண்டது என்னை நிலைகுலைய வைத்தது: வெப்பமானி தொட்டியின் அடிப்பகுதியில் மட்டும் இருந்தது. முந்திய டிசம்பரில் உட்குழாயை மாற்றியதிலிருந்து மேலும் கீழும் சரியாகக் கலக்கவில்லை. அடியில் குளிர்ச்சியான ஓர் எண், மேலே தெரியாமல் ஏறிக்கொண்டிருந்த சூடு. அந்த எண்ணை எழுதிய ஆபரேட்டர் பொய் எழுதவில்லை. கருவி நின்ற இடத்தில் அதுதான் உண்மை.

இதற்குப் பிறகு தொடாமல் விடு என்று என்னால் சொல்ல முடியவில்லை. தொடுவதில் ஆபத்து இருக்கிறது. ஆனால் அது தொட்ட கையருகே, பகல் வெளிச்சத்தில், ஆள் இருக்கும் நேரத்தில் வெளிப்படும் ஆபத்து. விட்டுவிட்டதன் ஆபத்து நாம் தேர்ந்தெடுக்காத நேரத்தில், பெரும்பாலும் இன்னொன்று உடைந்த அதே நிமிடத்தில் வரும். ஆகவே சோதனையின் பெயரில் பம்பைப் பிரிப்பதை நான் எதிர்க்கிறேன், ஓட்டுவதை வற்புறுத்துகிறேன். ஐந்து நிமிடம் தட்டிவிட்டு ‘ஸ்டேண்ட்பை ஓகே’ என்று எழுதுவதையும் ஏற்க மாட்டேன். அதில் துவக்கத்தின் தேய்மானம் முழுவதும் இருக்கிறது, அறிவு ஒன்றும் இல்லை. பேரிங் சூடு ஏறி ஓரிடத்தில் நிலைக்கும்வரை, முழுச் சுமையில், சில மணி நேரமாவது ஓட வேண்டும். முடிந்ததும் வால்வுகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தவர் ஒருவர், நடந்துபோய்த் தொட்டுப் பார்த்துக் கையெழுத்திடுபவர் இன்னொருவர் என்று இருக்க வேண்டும். கேட்டால் ஆள் இல்லை என்கிறார்கள். அண்ணாச்சி ஓய்வுபெற்ற இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் வந்தார். ஆறு மாதத்தில் அவரும் மாறினார். கப்ளிங்கைச் சுற்றும்போது எந்தப் பம்பு எப்படிக் கனக்கும் என்பது ஆறு மாதத்தில் கைக்கு வராது. அண்ணாச்சியின் சம்பளத்தை மிச்சம் பிடித்தவர்கள் இதை எந்தத் தலைப்பிலும் செலவாக எழுதவில்லை.

இன்னும் ஒரு விஷயத்தில் எனக்குத் தெளிவு வரவில்லை. இரண்டு பம்புகளையும் சமமாக ஓட்டுவதா, ஒன்றை அதிகமாகவும் மற்றதைக் குறைவாகவும் ஓட்டுவதா? சமமாக ஓட்டினால் இரண்டும் சேர்ந்து கிழமாகும், ஏ விழும் மாதத்தில் பி-யும் விழத் தயாராக இருக்கும். அதனால் மாதம் ஒருநாள் மட்டும் பி-யை ஓட்டினால் போதும் என்று நீண்ட காலம் வாதாடிவந்தேன். உர ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அதை மறுத்தார். “மாசத்துக்கு ஒரு நாள் ஓடுற பம்போட சத்தம் எந்த ஆபரேட்டருக்குங்க தெரியும்? அது ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடும்போது நல்லா ஓடுதா கெட்டு ஓடுதான்னு அவர் எதை வெச்சுச் சொல்வார்?” என்று கேட்டார். தேய்மானத்தைக் கணக்கிட்ட நான் காதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. இப்போது மூன்று வாரம் ஏ, ஒரு வாரம் பி என்று சொல்லிவருகிறேன். மணிக்கணக்கில் இரண்டும் விலகியே இருக்கும். ஒரு வாரம் என்றால் மூன்று ஷிஃப்டும், விடுப்புக்கு மாற்றாக வரும் ஆட்களில் பெரும்பாலோரும் பி-யின் சத்தத்தைக் கேட்டுவிடுவார்கள்.